சாக்கேக்கு மார்க் போட்ட கதை



போன வாரம் என் மகள் குடும்பக் குழுவில் ஒரு படம் போட்டாள். ஒரு மர மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். மேசைமேல் வரிசையாக ஐந்து வெள்ளைக் கிண்ணங்கள். அவற்றில் இருப்பது ஜப்பானியர்களின் அரிசி மதுவான சாக்கே. அந்தப் படம் எப்படியோ நம் பழைய மாணவர்கள் குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "டீச்சர், நீங்களுமா?" என்று பதினேழு பேர் கேட்டுவிட்டீர்கள். என் தம்பி மனைவி ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்து, "மதினி, அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?" என்று விசாரித்தாள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஏழாம் வகுப்பில் என் வரலாற்றுப் பாடத்தை நாற்பத்தைந்து நிமிடம் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுவைப் பற்றி வகுப்பில் நான் சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் குடி என்ன செய்தது என்று உறவினர்களுக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு நான் ஐந்து கிண்ணங்களையும் முகர்ந்தேன். நாக்கு நனையும் அளவுக்கு வாயில் வைத்தேன். பக்கத்தில் இருந்த பாத்திரத்தில் துப்பிவிட்டேன். ஜப்பானில் சாக்கேக்கு மதிப்பெண் போடும் நடுவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான சாக்கேகளைச் சுவைப்பவர்கள் விழுங்கினால் வேலை நடக்குமா?

மகள் ஒசாகாவில் இருக்கிறாள். பேத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கிருந்து கோபே நகரம் ரயிலில் அரை மணி நேரம்தான். கோபேயில் நம் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பதினோரு வருடமாக அங்கேதான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். "டீச்சர், உங்களுக்கு வரலாறு பிடிக்கும். இந்த ஊர் வரலாறே ஒரு கிண்ணத்துலதான் இருக்கு. ஒரு நாள் என்கூட வாங்க" என்று கூட்டிப்போனான். கோபேயின் கிழக்கே கடலோரமாக இருக்கும் நதா என்ற பகுதியில், பழைய சாக்கே ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தது அங்கேதான்.

அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பீங்கான். அடியில் நீல நிறத்தில் இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. பாம்பின் கண் என்ற பொருளில் 'ஜானொமே' என்கிறார்கள். அலங்காரத்துக்காகப் போட்டதில்லை. சாக்கேயை ஊற்றியதும் நீல வட்டத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் அது தெளிவாக இருக்கிறது. மங்கினால் கலங்கல் இருக்கிறது. வெள்ளைப் பகுதியைப் பார்த்தால் நிறம் தெரியும். கிண்ணமே ஒரு சோதனைக் கருவி.

இட்லி மாவும் சாக்கேயும்

சாக்கே என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் பொதுவாக மது என்றுதான் பொருள். நாம் சாக்கே என்பதை அவர்கள் 'நிஹோன்ஷு', அதாவது ஜப்பானிய மது என்கிறார்கள். அரிசி, தண்ணீர், ஈஸ்ட், கோஜி என்ற பூஞ்சை. இவைதான் மூலப்பொருள்கள்.

திராட்சைச் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. ஈஸ்ட் அதைத் தின்று மதுவாக்கிவிடும். அரிசியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டால் அதை நேராகத் தின்ன முடியாது. யாராவது அதை முதலில் சர்க்கரையாக்கிக் கொடுக்க வேண்டும். ஐரோப்பியர்கள் பீருக்காக வாற்கோதுமையை முளைகட்டினார்கள். முளைக்கும்போது தானியமே அந்த வேலையைச் செய்துகொள்ளும். நம் பெரும்பாணாற்றுப்படையிலும் அரிசிக் கூழை ஆறவைத்து, முளைவிட்ட தானியம் சேர்த்து, சாடியில் வைத்து மதுவாக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஜப்பானியர்கள் முளைக்குப் பதிலாகப் பூஞ்சையைப் பிடித்துக்கொண்டார்கள். வேகவைத்த அரிசியின்மேல் கோஜி விதையைத் தூவி, கதகதப்பான அறையில் இரண்டு நாள் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்த அரிசியை வாயில் போட்டால் இனிக்கிறது.

சாக்கேயின் தனித்தன்மை ஒன்று உண்டு. ஒரே தொட்டியில், ஒரே நேரத்தில், கோஜி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது; ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. இரண்டு வேலையும் கைகோத்து நடக்கும். அதனால் வடிக்காமலேயே 20 சதவீதம் வரை மதுச்சத்து ஏறிவிடும். பிறகு தண்ணீர் சேர்த்து 15 சதவீத அளவுக்குக் கொண்டுவருவார்கள். 2006இல் ஜப்பானின் மது வடிப்புக் கழகம் இந்தக் கோஜியை நாட்டின் தேசியப் பூஞ்சையாக அறிவித்தது. தேசியப் பறவை, தேசிய மலர் கேட்டிருக்கிறோம். தேசியப் பூஞ்சை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர்களுடைய மீசோ, சோயா சாஸ், சாக்கே மூன்றுக்கும் அதுதான் ஆதாரம்.

துறவிகள் கண்ட வழி

927இல் தொகுக்கப்பட்ட எங்கிஷிகி என்ற சட்ட நூலில் அரண்மனைக்கான சாக்கே செய்யும் முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. அப்போது அது அரசர்க்கும் தெய்வங்களுக்குமான பொருள். பின்னர் அரண்மனையின் பிடி தளர்ந்து, பௌத்த மடங்கள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. நாரா நகருக்கு அருகில் உள்ள ஷோர்யாக்குஜி என்ற மடத்தை இன்றைய தெளிந்த சாக்கேயின் பிறப்பிடம் என்கிறார்கள்.

அந்தத் துறவிகள் செய்த ஒரு வேலை நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் புரியும். பச்சை அரிசியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கொஞ்சம் வெந்த சோற்றைத் துணியில் முடிந்து அதே தண்ணீரில் வைத்துவிடுவார்கள். சில நாளில் அந்தத் தண்ணீர் புளிக்கும். நம் நீராகாரம் மாதிரிதான். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் வளராது. ஈஸ்ட் மட்டும் தாக்குப்பிடிக்கும். நுண்ணோக்கி வருவதற்கு முன்பே நாக்கை மட்டும் நம்பிக் கண்டுபிடித்தது. அரிசியையும் கோஜியையும் மூன்று தவணையாகச் சேர்ப்பது, சாக்கே கெடாமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது ஆகியவையும் அங்கே பழகியவைதான். சூடாக்கும் முறை 16ஆம் நூற்றாண்டு மடக் குறிப்புகளில் இருக்கிறது. லூயி பாஸ்டர் அதே உண்மையை அறிவியலாக நிறுவியது 1860களில்.

தண்ணீரைச் சோதித்த மனிதர்

எடோ காலம் என்பது 1603 முதல் 1868 வரை. தோக்கியோவுக்கு அப்போது எடோ என்று பெயர். லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்த நகரம். ஆனால் நல்ல சாக்கே மேற்கே ஒசாகா, கோபே பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். முதலில் இதாமி என்ற ஊர் கொடிகட்டிப் பறந்தது. பிறகு நதா முந்திக்கொண்டது. ரொக்கோ மலையிலிருந்து விழும் ஓடைகளில் நீர்ச்சக்கரம் வைத்து அரிசி தீட்டினார்கள். காலால் உலக்கை மிதித்துத் தீட்டிய ஊர்களால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்று நொதித்தலை நிதானமாக்கியது. வாசலிலேயே கடல். தேவதாரு வகை மரப் பீப்பாய்களில் நிரப்பிக் கப்பலில் ஏற்றினால் எடோ. அந்த வருடத்தின் முதல் சாக்கேயை யார் முதலில் கொண்டுசேர்ப்பது என்று கப்பல்களுக்குள் பந்தயமே நடந்தது. போய்ச்சேர்வதற்குள் மர வாசனை சாக்கேயில் ஏறிவிடும். எடோ மக்களுக்கு அந்த வாசனைதான் நல்ல சாக்கேயின் அடையாளம்.

இப்போது சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நதாவில் யமமுரா தசாயேமோன் என்று ஓர் ஆலை முதலாளி. உவோசாகியில் ஓர் ஆலை, நிஷினோமியாவில் ஓர் ஆலை. நிஷினோமியா சாக்கே மட்டும் எப்போதும் நன்றாக வந்தது. என்ன காரணம்? அரிசியை ஒரே மாதிரி ஆக்கிப் பார்த்தார். வித்தியாசம் போகவில்லை. தலைமைக் கைவினைஞர்களை இடம் மாற்றிப் பார்த்தார். அப்போதும் போகவில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரை உவோசாகிக்குக் கொண்டுபோய் அங்கே செய்தார். அந்தச் சாக்கேயும் நன்றாக வந்தது. 1840இல் இது நடந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை. ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கும் அதே பாடம்.

அந்தத் தண்ணீருக்கு 'மியாமிசு' என்று பெயர். பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாதுக்கள் அதிகம். ஈஸ்டுக்கு அவை ஊட்டம். இரும்பு மிகமிகக் குறைவு. இரும்பு இருந்தால் சாக்கேயின் நிறமும் மணமும் கெட்டுவிடும். ஊட்டம் கிடைத்த ஈஸ்ட் வேகமாக வேலை செய்து சர்க்கரையைத் தின்று தீர்ப்பதால், நதா சாக்கேயில் இனிப்புக் குறைவு. ஒரு விறைப்பு இருக்கும். புதிதாக இருக்கும்போது முரடாக இருந்து, கோடை முழுக்கக் கிடந்து, இலையுதிர் காலத்தில் பக்குவப்படும்.

என் முன் இருந்த முதல் கிண்ணம் இந்த நதா சாக்கேதான். வாயில் வைத்ததும் பெரிதாக மணம் ஒன்றும் இல்லை. நாக்கின் ஓரத்தில் சுருக்கென்றது. துப்பிய பிறகு வாய் சுத்தமாகக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. "இது சாப்பாட்டோட குடிக்கிறது டீச்சர். மீன் வாசனைய அடிச்சிட்டுப் போயிடும்" என்றான் நம் மாணவன்.

இரண்டாவது கிண்ணம் கியோத்தோவின் தெற்கே இருக்கும் ஃபுஷிமியிலிருந்து வந்தது. அந்த ஊர் நிலத்தடி நீர் மென்மையானது. ஈஸ்ட் மெதுவாக வேலை செய்கிறது. சாக்கேயும் வழுவழுப்பாக, இலேசான இனிப்போடு இருக்கிறது. ஜப்பானில் எடோ காலம் முழுக்க இது உள்ளூர்ச் சரக்காகவே இருந்தது. 1889இல் தோக்கியோவிலிருந்து கோபே வரை ரயில் பாதை முழுமையானதும் ஃபுஷிமிக்கு நல்ல காலம் பிறந்தது. ரயில் நிலையங்களில் மூடியே கிண்ணமாகும் சின்னச் சீசாக்களில் விற்றார்கள்.

நதா சாக்கேக்கு 'ஆண் சாக்கே' என்றும் ஃபுஷிமி சாக்கேக்குப் 'பெண் சாக்கே' என்றும் பெயராம். சுருக்கென்றால் ஆண், மென்மை என்றால் பெண். இப்படிப் பெயர் வைத்தவர்கள் எங்கள் பள்ளியில் வேலை பார்த்த கணக்கு டீச்சரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

சிரிப்புக்காகச் சொன்னாலும் இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. எடோ காலத்திலிருந்து பெண்கள் சாக்கே ஆலைக்குள் நுழையவே கூடாது என்று வைத்திருந்தார்கள். ஆனால் தலைமைக் கைவினைஞருக்கு வழங்கும் 'தோஜி' என்ற சொல்லே வீட்டுத் தலைவியைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு. ஆதியில் வீட்டில் மது செய்தவர்கள் பெண்கள்தானே! 19ஆம் நூற்றாண்டில் நிஷினோமியாவில் தாட்சுமா குடும்பத்தின் ஆலையைப் பெரிதாக வளர்த்தவர் கியோ என்ற பெண்மணி. வெளியே பேச்சுவார்த்தைக்கு ஆண் மேலாளரை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்து முடிவெடுத்தார். இப்போது பெண் தோஜிகள் பல ஊர்களில் வந்துவிட்டார்கள்.

தோற்றவர் கண்ட முறை

மூன்றாவது கிண்ணம் ஹிரோஷிமா. அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு 1945 மட்டுமே நினைவுக்கு வரும். வகுப்பில் நானும் அதை மட்டும்தான் நடத்தினேன். அதற்கு ஏறத்தாழ எழுபது வருடம் முன்பு அந்த வட்டாரத்தில் மியூரா சென்சபுரோ என்று ஒருவர் சாக்கே ஆலை தொடங்கினார். திரும்பத் திரும்பக் கெட்டுப்போனது. நதா முறையைப் பார்த்து அப்படியே செய்தும் வரவில்லை. அவருடைய ஊர்த் தண்ணீர் மென்நீர் என்பதுதான் காரணம். ஊட்டமில்லாத தண்ணீரில் நதாவின் அவசரம் எடுபடாது. கோஜியை உள்வரை நன்றாக வளர்த்து, குறைந்த வெப்பத்தில், நீண்ட நாள் நிதானமாக நொதிக்கவிடும் முறையை அவர் உருவாக்கினார். 1898இல் அதை ஒரு கையேடாகவே வெளியிட்டார். தொழில் ரகசியம் என்று பூட்டிவைக்கவில்லை. ஊரில் எல்லா ஆலைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதே காலத்தில் அதே வட்டாரத்தில் சாய்ஜோ ஊரின் சாத்தாக்கே ரிஇச்சி என்பவர் விசையால் ஓடும் அரிசி தீட்டும் இயந்திரத்தை 1896இல் செய்தார்.

1907இல் முதல் தேசிய சாக்கே போட்டி நடந்தது. நதாவும் ஃபுஷிமியும் வெல்லும் என்று எல்லாரும் நினைத்தார்கள். முன்னணி இடங்களை ஹிரோஷிமா பிடித்தது.

கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். பழுத்த மலைவாழைப்பழம்! அரிசியில் எங்கிருந்து வாழைப்பழ மணம் வரும் என்று கேட்டேன். அதிகம் தீட்டிய அரிசியும், குளிரில் மெதுவாக நடக்கும் நொதித்தலும் சேர்ந்தால் ஈஸ்ட் அந்த மணத்தை உண்டாக்குமாம். இந்த வகைக்கு 'கின்ஜோ' என்று பெயர். நாம் சாப்பிடும் வெள்ளை அரிசியில் பத்தில் ஒரு பங்கு தவிடாகப் போகும். கின்ஜோவுக்கு நாற்பது சதவீதம் தீட்டித் தள்ள வேண்டும். 'தாய்கின்ஜோ' என்ற உயர்வகைக்கு அரிசியில் பாதி போய்விடும்.

வரி வசூலும் பரீட்சையும்

போட்டி எதற்கு வந்தது? அதன் பின்னால் பணம் இருக்கிறது. மெய்ஜி அரசுக்குப் படைக்கும் தொழிற்சாலைக்கும் வருமானம் வேண்டியிருந்தது. 1899இல் வீட்டில் சொந்தமாக மது செய்வதை முழுவதும் தடைசெய்தார்கள். நூற்றாண்டுத் திருப்பத்தில் அரசின் வரி வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மது வரி; நில வரியையே மிஞ்சியது. விவசாயி தன் வீட்டு அரிசியில் காய்ச்சியது குற்றமாகிவிட்டது.

வரி, செய்த அளவுக்குத்தான். தொட்டியில் கெட்டுப்போனால் ஆலைக்கு நட்டம். ஆலை மூடினால் அரசுக்கு நட்டம். அதனால் 1904இல் நிதி அமைச்சகமே தோக்கியோவில் ஒரு வடிப்பு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. நல்ல ஈஸ்டைப் பிரித்தெடுத்து எல்லா ஆலைக்கும் கொடுத்தார்கள். முதல் எண் ஈஸ்ட் நதாவின் சகுரமசமுனே ஆலையிலிருந்து வந்தது. நம் தண்ணீர் ஆராய்ச்சிக்காரர் யமமுராவின் அதே ஆலை! புளிப்பு தானாக உருவாகும்வரை காத்திருக்காமல் லாக்டிக் அமிலத்தை நேராகச் சேர்க்கும் முறை 1910இல் வந்தது. நான்கு வாரம் பிடித்த ஆரம்பக் கலவை இரண்டு வாரத்தில் தயார். 1911இல் ஆண்டுதோறும் புதுச் சாக்கேக்கு மதிப்பிடும் தேர்வு தொடங்கியது. இன்றும் நடக்கிறது.

இந்தத் தேர்வால் தரம் உயர்ந்தது உண்மை. கெட்டுப்போவது குறைந்தது. ஆனால் எந்தத் தேர்விலும் நடப்பதுதான் இங்கும் நடந்தது. என்ன கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மட்டும் படிப்பார்கள். 1980களில் ஆலைக்காரர்களிடம் ஒரு சூத்திரமே இருந்தது. யமடா நிஷிகி என்ற அரிசி, குமாமோத்தோ ஈஸ்ட், 35 சதவீதம் மிஞ்சும்வரை தீட்டு. தங்கப் பதக்கம் வாங்கலாம். எல்லாரும் அதையே செய்தால் எல்லாம் ஒரே மாதிரி மணக்கும். நான் பரிசுக்காக ஒரே கட்டுரையை இருபது பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்த வருடம் ஞாபகம் வந்தது.

நான்காவது கிண்ணம் இந்த வேகத்துக்கு முந்தியது. 'கிமோத்தோ' என்ற பழைய முறை. ஆட்கள் இரவில் குளிரில் நின்று நீண்ட கழிகளால் அரிசியையும் கோஜியையும் அரைப்பார்கள். நேரம் கணக்கிடப் பாட்டுப் பாடுவார்கள். புளிப்பு தானாக வரும்வரை காத்திருப்பார்கள். இதைச் சூடாகக் கொடுத்தார்கள். சாக்கேயின் சூட்டுக்கு அவர்களிடம் தனித்தனிப் பெயர்கள்: 35 டிகிரி என்றால் உடல் சூடு, 40 இளஞ்சூடு, 50 நல்ல சூடு. முதல் முகர்வில் தயிர் வாடை. பிறகு வடித்த கஞ்சியின் வாடை. எனக்கு ஐந்தில் மிகவும் நெருக்கமாக இருந்தது இதுதான்.

சோதிக்கப்படாத சாக்கே

1930களின் கடைசியில் போர் முற்றியது. அரிசித் தட்டுப்பாடு. கடைகளில் விற்ற சாக்கேயில் அவ்வளவு தண்ணீர். அதில் தங்கமீனே நீந்தலாம் என்று மக்கள் கேலி செய்தார்கள். போர்க்காலத்தில் வடித்த ஆல்கஹாலைச் சேர்க்கும் வழக்கம் வந்தது. போருக்குப் பிறகு பஞ்சத்தில், ஆல்கஹால், குளுக்கோஸ், அமிலம், சுவையூட்டி எல்லாம் சேர்த்து ஒன்றை மூன்றாக்கினார்கள். பஞ்சம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மலிவாயிற்றே! 2006இல்தான் சட்டம் மாறி, அப்படி மும்மடங்காக்கியது 'தெளிந்த சாக்கே' என்ற பெயரை இழந்தது. ஆல்கஹால் சேர்த்ததெல்லாம் மட்டம் என்றும் இல்லை. அளவோடு சேர்த்தால் மணம் எழும்பும் என்று தெரிந்தே செய்பவர்கள் உண்டு. எதுவும் சேர்க்காத தூய அரிசிச் சாக்கேக்கு 'ஜுன்மாய்' என்று பெயர்.

அதே போர்க்காலத்தில், 1943இல், அரசு தர வரிசை கொண்டுவந்தது. பின்னர் அது சிறப்புத் தரம், முதல் தரம், இரண்டாம் தரம் என்று நிலைத்தது. அதிகாரிகள் குழு சுவைத்துத் தரம் போடும். தரம் உயர்ந்தால் வரியும் உயரும், விலையும் உயரும். சோதனைக்கு அனுப்பாததெல்லாம் இரண்டாம் தரம். அது எவ்வளவு அருமையாக இருந்தாலும் சரி.

1977இல் மியாகி மாநிலத்து இச்சினோகுரா என்ற ஆலை ஒரு காரியம் செய்தது. நல்ல சாக்கேயைச் செய்து, சோதனைக்கு அனுப்பாமல், இரண்டாம் தரமாகவே விற்றது. சீட்டில் 'முகான்சா' என்று எழுதியது. 'சோதிக்கப்படாதது' என்று பொருள். வாங்குபவர் நாக்கே முடிவுசெய்யட்டும் என்றார்கள். குறைந்த விலையில் நல்ல சாக்கே என்று மக்களும் வாங்கினார்கள். 1992இல் தர வரிசை முழுவதும் ஒழிந்தது. அதற்குப் பதிலாக எவ்வளவு தீட்டியது, ஆல்கஹால் சேர்த்ததா இல்லையா என்பதைச் சீட்டில் சொல்லும் முறை வந்தது.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது நம் மாணவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "டீச்சர், நானும் முகான்சாதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

1996. எட்டாம் வகுப்பு. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று முந்தின நாள் தகவல் வந்தது. அரையாண்டு மதிப்பெண்படி பிள்ளைகளை மூன்று வரிசையாக உட்காரவைத்திருந்தவள் நான். கடைசி வரிசையில் நான்கு பேரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்று சொன்னேன். வாசிக்கச் சொன்னால் வாசிக்க மாட்டார்கள், வகுப்புக்குக் கெட்ட பெயர் என்று பயம். மறுநாள் அதிகாரி வந்தார். வகுப்பைப் பாராட்டி எழுதினார். அந்தக் குறிப்பேட்டின் நகலை ஓய்வுபெறும்வரை பத்திரமாக வைத்திருந்தேன். அந்த நான்கு பேரில் இவன் ஒருவன்.

முப்பது வருடம் நான் மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்பா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"அத விடுங்க டீச்சர். அன்னைக்கு எங்கப்பாகூட ஆத்துல மீன் பிடிக்கப் போனேன். ஏழு கெளுத்தி கெடச்சுது" என்றான். அவன் அப்பா இப்போது இல்லை. நான் அவனுக்குக் கொடுக்க நினைக்காத ஒரு நல்ல நாள் அது. அதற்காக என்னை நான் மன்னித்துக்கொள்ள முடியாது. மற்ற மூன்று பேரும் இந்தப் பதிவைப் படித்தால், அல்லது யாராவது அவர்களிடம் படித்துக்காட்டினால், டீச்சர் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஐந்தாவது கிண்ணம்

கடைசிக் கிண்ணம் தேன் நிறம். பல வருடம் கிடந்து பழுத்த 'கோஷு'. வெல்லப்பாகு, உலர்ந்த அத்திப்பழம், கொஞ்சம் சோயா சாஸ். பழங்காலத்தில் இதைப் பெருமையாக நினைத்தார்கள். மெய்ஜி காலத்தில் செய்தவுடனே வரி கட்டவேண்டி வந்ததால், விற்காமல் வைத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. பழுக்கவிட நேரமில்லாமல் அந்தச் சுவையே ஏறக்குறைய மறைந்துபோனது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில ஆலைகள் பொறுமையாக மீட்டெடுத்தன. நாரா மடத்தின் நீராகார முறையையும் 1990களின் இறுதியில் அந்த ஊர் ஆலைகள் கூடி மீட்டன.

ஐந்தில் எது சிறந்தது என்று அங்கிருந்த பெண் கேட்டாள். நம் மாணவன் மொழிபெயர்த்தான். மீனுக்கு முதலாவது, குளிர்ந்த மாலைக்கு நான்காவது, சும்மா முகர்ந்துகொண்டிருக்க மூன்றாவது என்றேன். அவள் தலையாட்டினாள். மார்க் போடவில்லை. பழக்கதோஷத்தில் கை சிவப்புப் பேனாவைத் தேடியது என்னவோ உண்மை.

வெளியே வரும்போது ஒரு படத்தைக் காட்டினான். 1995 ஜனவரி 17 விடியற்காலை நிலநடுக்கத்தில் நதாவின் மரத்தாலான பழைய ஆலைகள் பல தரைமட்டமாயின. பல சிறிய ஆலைகள் மீண்டும் எழவில்லை. எழுந்தவை கான்கிரீட்டில் எழுந்தன. ஜப்பானில் சாக்கே குடிப்பதும் குறைந்துவிட்டது. 1973ஐ ஒட்டி உச்சத்தில் இருந்ததில் இன்று நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 2024 டிசம்பரில் கோஜியால் மது செய்யும் மரபை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. குறைந்துகொண்டிருக்கும்போதுதான் பட்டியலில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் பதினான்கு பேர் என்று எனக்குத் தெரியும். ஆய்வு நாளில் கடைசி வரிசைப் பிள்ளையையும் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். கெட்ட பெயர் வந்தால் வரட்டும்.

மற்றவர்களுக்கு: குடிக்காதீர்கள். இது டீச்சர் சொல்வது. சாக்கேயும் மதுதான்.

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள்; எழுத்துப்பிழை இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்